சத்தம் போன பிறகு சிரித்தவள்

அத்தைக்கு இடது காது போய் எட்டு வருஷம், வலது காது போய் மூன்று வருஷம். இரண்டும் எங்கே போயின என்று யாரும் தேடவில்லை. போனதே யாருக்கும் தெரியாது. நெசவாலையில் பதினெட்டு வருஷமாகத் தறி ஓட்டுகிறாள். நூறு தறி ஒன்றாகத் தடதடக்கும் இடம். பக்கத்தில் இடி விழுந்தால்கூட வெளிச்சத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் தறிக்கூடத்தில் எல்லோருமே உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். வாயசைத்தால் போதும், குரல் தண்டச் செலவு. காது கேட்கிறவர்களும் அப்படியே, கேட்காதவர்களும் அப்படியே என்பதால் அத்தையின் குட்டு உடையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில்தான் பாடு. தையல்காரத் தம்பி வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே பேசுவான். அவன் பெண்டாட்டி அடுப்பைப் பார்த்துப் பேசுவாள். அவர்கள் மகள் ஓடிக்கொண்டே பேசுவாள். புரியாத இடத்தில் அத்தை "ஆமா, ஆமா" என்று வைப்பாள். அப்படி ஆமா போட்டே அடுத்த வீட்டுப் பூனைக்குட்டி மூன்றை வளர்ப்பதாக ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டாள். அதற்கு வீட்டில் வைத்த பெயர், 'அத்தைக்கு ரொம்ப நல்ல மனசு'.

இந்த லட்சணத்தில் தம்பி டெலிவிஷன் பெட்டி வாங்கினான். தெருவிலேயே முதல் பெட்டி. மரக்கூடு, முன்னால் இரட்டைக் கதவு. குமிழைத் திருகினால் பெட்டி சூடாகி முகம் தெரிவதற்குள் ஒரு குளியல் போட்டுவிடலாம். குமிழைத் தொடும் உரிமை தம்பிக்கு மட்டும்தான். கடையில் தன் கத்தரிக்கோலையே யாருக்கும் தராதவன், குமிழைத் தருவானா?

அத்தைக்குப் பெட்டியை முதல் நாளே பிடித்துப்போயிற்று. செய்தி வாசிக்கிறவர் அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, வாயைத் திறந்து பேசினார். பாதியில் எழுந்து போகவில்லை. முதுகைக் காட்டவில்லை. அந்த வீட்டில் அவளிடம் அப்படிப் பேசியது அவர் ஒருத்தர்தான்.

வம்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தது. ஆலையில் புது உத்தரவு போட்டிருந்தார்கள்: மறுநாள் எல்லோருக்கும் காது சோதனை. மேஸ்திரி ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். திரும்பினால் தறி. திரும்பாவிட்டால் கழிவுப் பஞ்சுக் கொட்டகை. அங்கே நாலு பேர், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு பஞ்சு பிரிப்பார்கள். வாயைக் கட்டியவர்களிடம் அத்தை எதைப் பார்த்துப் பேசுவாள்? உலகத்தில் அவள் வாயாடியாக இருந்த ஒரே இடம் தறிக்கூடம். அது நாளையோடு சரி.

அந்த மேஸ்திரியைத்தான் தம்பி நாடகம் பார்க்க வீட்டுக்கு அழைத்து, இருந்த ஒரே சாய்வு நாற்காலியையும் போட்டுக் கொடுத்திருந்தான். புலிக்குத் தலையணை வைத்த மாதிரி. மேஸ்திரி பெரிய மீசைக்காரர். சர்க்கரை போதுமா என்று தம்பி பெண்டாட்டி பின்னாலிருந்து கேட்டதற்குப் பதில்கூடச் சொல்லவில்லை.

"பெரிய மனுஷன்னா அப்படித்தான்டி" என்று தம்பி பெருமைப்பட்டான்.

நாடகத்தில், மகள் வீட்டுக்கு வந்த மாமனார் மூன்று மாதமாகக் கிளம்புகிற வழியாக இல்லை. அத்தை பெட்டிக்கு அருகே தரையில் உட்கார்ந்து, மறுநாளைக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருமகன்: "எப்ப மாமா கிளம்புறீங்க?"

மாமனார்: "நீ வழியனுப்ப வர்ற அன்னிக்கு மாப்ளே."

மருமகன்: "நான் மூணு மாசமா செருப்போடதான் நிக்கிறேன்!"

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், பேயைப் பார்த்த மாதிரி அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீயை ஊதிக்கொண்டிருந்த மேஸ்திரியும் தலையைத் தூக்கினார்.

"எதுக்குக்கா சிரிக்கிற?" என்றான் தம்பி. "சத்தம் போய் அஞ்சு நிமிஷம் ஆச்சே!"

அத்தையின் வாய் முந்திக்கொண்டது.

"தறிக்காரிக்குச் சத்தம் எதுக்குடா? வாயப் பாத்தா போதாதா?"

"அப்ப நீங்களே சொல்லுங்க அண்ணி, என்ன பேசுறாங்க?" என்று தம்பி பெண்டாட்டி முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அத்தை சொன்னாள். மாமனாருக்குக் கட்டைக் குரல், மருமகனுக்குக் கீச்சுக் குரல். பெட்டிக்காரர்கள் பேசியதைவிட இது நன்றாகவே இருந்தது. தம்பி மட்டும் சிரிக்காமல் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு, பெட்டியின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தான்.

அப்போது மகள் பின்னாலிருந்து கேட்டாள்: "அத்தை, சத்தம் போனதே உனக்குத் தெரியலையா?"

அத்தை திரும்பவில்லை.

"அத்தை! அத்தே!"

திரும்பவில்லை. மேஸ்திரியின் பார்வை மகளின் வாய்க்கும் அத்தையின் முதுகுக்கும் போய்ப்போய் வந்தது. மறுநாள் சோதனை ஒரு நாள் முன்னதாகவே நடந்து முடிந்துவிட்டது.

தம்பி கடைசியாக ஓங்கி ஒரு குத்து விட்டான். போன சத்தம் மொத்தமாகத் திரும்பி வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மகள் காதைப் பொத்தினாள், தம்பி பெண்டாட்டி காதைப் பொத்தினாள். தம்பி ஒரு கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு கையால் குமிழைத் தேடினான். இவர்களைப் பார்த்துத்தான் அத்தைக்கு விஷயம் புரிந்தது. அவசரமாகத் தானும் பொத்திக்கொண்டு, அகப்பட்டுக்கொண்டோமா என்று மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தாள்.

மேஸ்திரி நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. பிறகு டம்ளருக்கு மேலே கண்ணை உயர்த்தி, வீடே காதைப் பொத்தி நிற்பதைக் கண்டார். டம்ளரைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் மெதுவாகக் காதுக்குக் கொண்டுபோனார்.

அத்தை பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

தம்பி குமிழோடு மல்லுக்கட்டுகிற அந்த அமளியில், மேஸ்திரி குரலில்லாமல் வாயசைத்தார்: "எத்தனை வருஷமாம்மா?"

"மூணு. உங்களுக்கு?"

"ஆறு. வீட்டுக்குக்கூடத் தெரியாது." கொஞ்சம் யோசித்தார். "நாளைக்கு முன்னாடி நின்னே கூப்பிடுறேன்."

"கூப்பிடுங்க. ஆனா இந்த மீசை பாதி வார்த்தையத் தின்னுடுதே மேஸ்திரி!"

சத்தம் அடங்கியது. மேஸ்திரி எழுந்து, "நாடகம் நல்லாருந்துச்சு தம்பி" என்று தேவைக்கு அதிகமாகவே கத்திச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் சோதனையில் தறிக்கூடத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் தேறினார்கள். மேஸ்திரி ஏன் மீசையை மழித்துக்கொண்டு வந்தார் என்பதற்கு ஆலையில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அதிகமாகக் கதை கட்டியது பதினாலாம் நம்பர் தறியில் நின்ற அத்தைதான்.