ஜெய்லானியின் மஞ்சள் கேன்

"இறக்குடா கீழ!"

மருந்தடிக்கும் மெஷினை டி.வி.எஸ். வண்டியின் பின்னால் வைத்துக் கயிறும் இறுக்கி, ஒரு காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தும் விட்டான் வந்தவன். கடைக்காரர் ஜெய்லானி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.

"கேன்ல தண்ணி பிடிக்க மறந்துட்டேன் மாமா. தோட்டத்துலயே தண்ணி கெடக்கு."

"கெடக்குற தண்ணி ஒன் கண்ணத் தேடி நடந்து வருமாடா?"

கடைக் குழாயில் ஐந்து லிட்டர் மஞ்சள் கேனை நிரப்பி, மெஷினின் பிடியோடு சேர்த்து அவரே கம்பியால் முறுக்கிக் கட்டுகிறார். அதன் பிறகுதான் வண்டி நகரலாம். கம்பம் ஊரில் மெட்டு ரோட்டில் போகிறவர்கள் இந்தச் சத்தத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 'தண்ணிக் கிறுக்கன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கிறுக்கன் என்றாலும் அவரிடம்தான் வருகிறார்கள். அவர் வாடகைக்கு விடும் மெஷின்தான் பாதி மருந்தில் லேசில் நிற்காது.

மலையேறி ஏலக்காய்த் தோட்டத்துக்கு மெஷின் கொண்டுபோகும் மலையாளிகளுக்கும் விலக்கு இல்லை. "வெள்ளம் இல்லெங்கில் மெஷின் இல்ல", தண்ணீர் இல்லையென்றால் மெஷின் கிடையாது, என்று அவர்கள் மொழியிலேயே திட்டி அனுப்புவார்.

ஐம்பது வயது. நெஞ்சு வரை தாடி. இடது கண் உரித்த தேங்காய்ச் சில்லு மாதிரி வெள்ளையாக இருக்கும். கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு, போட மாட்டார். "பாக்கட்டும்ல. பாத்துப் பயப்படட்டும்." ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. அதனால் பாலில்லாத கட்டஞ்சாயா ஊற்றும்போது கெட்டிலின் மூக்கை டம்ளரின் விளிம்பில் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாய்ப்பார். ரோட்டைக் கடக்க முழு உடம்பையும் திருப்புவார். போல்ட்டுக்கு நட்டைப் பார்த்துப் பொருத்துவதில்லை, விரல் நுனியால் தேடிப் பொருத்துவார்.

அவர் மனைவி சுபைதா ஒருநாள் என்னிடம் சொன்னார்: "ஒத்தக் கண்ணால இவுக முறைக்கிறதையே ஊரு தாங்கல தம்பி. ரெண்டும் இருந்துச்சுன்னா கம்பமே காலியாயிருக்கும்."

ஜெய்லானி சிரிக்கவில்லை. இதில் அவருக்குச் சிரிப்பு வராது.

திராட்சைக்கு நோய் வராமலிருக்க மயில்துத்தம் என்னும் நீல உப்பும் சுண்ணாம்பும் கரைத்து அடிப்பார்கள். சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் விட்டால் டிரம் கொதிக்கும். கிட்டே நிற்க முடியாது. பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பாடம் தானாகவே பதிந்துவிட்டது: சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் தண்ணீர் படக்கூடாது, பட்டால் கண் வெந்துவிடும், விளக்கெண்ணெய்தான் விடவேண்டும். இந்தப் பாடம் எத்தனை கண்களைத் தின்றிருக்குமோ. செய்ய வேண்டியது நேர்மாறானது. தெறித்த அந்த நொடியிலேயே தண்ணீர். இமையைப் பிரித்துப் பிடித்து, ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தண்ணீர்.

ஜெய்லானிக்குத் தெறித்தபோது வயது இருபத்திரண்டு.

"பத்தடியில வாய்க்கா ஓடுது மாப்ள. எனக்கு ஒண்ணும் தெரியாது, எரியுது, ஓடுறேன். எங்கண்ணன் ஆசாத் பின்னாலயே வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. 'வேணாம்டா, வெந்துரும்டா'ன்னு அழுகுறாரு. அழுதுக்கிட்டே பிடிச்சிருக்காரு." ஸ்பேனரைக் கீழே வைத்தார். "எதிரி பிடிச்சா ஒதறிட்டு ஓடிரலாம். கூடப்பொறந்தவன் பிடிச்சா எங்கன ஓடுறது?"

ஆசாத் இன்றும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ தொழுகை முடிந்து தம்பி வீட்டில்தான் சாப்பிடுகிறார். மழை பற்றிப் பேசுவார்கள், பழத்தின் விலை பற்றிப் பேசுவார்கள். கண்ணைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

2003 ஐப்பசியில் நான் ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். நாராயணத்தேவன்பட்டிப் பக்கம் என் அக்காவின் கணவர் வைகுண்டராஜுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். ஜெய்லானியிடம் வாடகைக்கு எடுத்த மெஷினில் அடைப்பு என்று அவரை வரச் சொல்லியிருந்தார்கள். அவர் பந்தலுக்கடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, சுண்ணாம்பு டிரம் இருந்த பக்கத்திலிருந்து ஒரு அலறல்.

ஹேமாவதி. தோட்டத்து மேஸ்திரி மலைச்சாமியின் தங்கை மகள். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள். அவளது வலது கண்ணில் சுண்ணாம்பு. மலைச்சாமி அவளது இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்திருந்தார்.

"தண்ணியத் தொடாத ஆத்தா, வெந்துரும்! ஏலே, வெளக்கெண்ணெயக் கொண்டாங்கடா!"

ஜெய்லானி மெஷினில் கட்டியிருந்த மஞ்சள் கேனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். ஒரு கையால் அவள் தலையைச் சாய்த்து மூடியைத் திருகியவர் அப்படியே நின்றுவிட்டார். எனக்கும் அந்த வாடை அடித்தது. பெட்ரோல். கேன் கைக்கு வாகாக இருக்கிறதே என்று மருந்தடிப்பவன் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு மெஷினுக்குப் பெட்ரோல் பிடித்து வைத்திருந்தான்.

ஜெய்லானி கேனைத் தூக்கி எறிந்தார்.

"மோட்டாரப் போடுங்கடா!"

"கரண்டு மத்தியானந்தான் மாமா வரும்" என்றான் ஒரு வேலையாள்.

பெண்கள் குடிக்கக் கொண்டுவந்திருந்த குடம் பந்தல் காலோரம் இருந்தது. அதை எடுத்தவரை மலைச்சாமி மறித்தார்.

"ராவுத்தரே, இது எங்க வீட்டுப் புள்ள. கண்ணு வெந்து போச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவீக?"

ஜெய்லானி தன் முகத்தை அவர் முகத்தோடு முட்டுகிற மாதிரி கொண்டுபோனார்.

"இதுக்கு எண்ணெதான்டா ஊத்துனாக. எவன் பதில் சொன்னான்? பாரு. நல்லாப் பாருடா!"

மலைச்சாமியின் பிடி தளர்ந்தது.

அந்தக் குடம் தீர்ந்தது; இன்னொன்று தீர்ந்தது. அவள் துடிக்கத் துடிக்க இமையைப் பிரித்து ஊற்றிக்கொண்டே இருந்தார். பெண்கள் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கு ஓடினார்கள். மலைச்சாமியும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தேனிக்குப் போகும் ஜீப்பிலும் குடத்தோடுதான் ஏறினார் ஜெய்லானி.

கண் பிழைத்தது. முழுதாக அல்ல.

அவள் கடைக்கு வந்து கும்பிட்டபோது நான் அங்கிருந்தேன். "நல்லாத் தெரியுது மாமா. ஓரத்துல மட்டும் பொகையாட்டம் இருக்கு."

"கும்பிடாத ஆத்தா," என்று கத்தினார். "மொதக் கேன்ல தண்ணி இருந்திருந்தா அந்தப் பொகையும் இருக்காது."

அக்காவின் கணவர் என்னிடம் ஒரு பெட்டி பழம் கொடுத்தனுப்பினார். ஜெய்லானி பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார். "பழம் வேணாம். சுண்ணாம்பு கரைக்கிற எடத்துல ஒரு டிரம் நல்ல தண்ணி வைக்கச் சொல்லு."

ஒரு டிரம், ஒரு மூடி, அவ்வளவுதான். ஷார்ஜாவிலிருந்து தொலைபேசியில் பேசும்போதெல்லாம் டிரம் வைத்தாயிற்றா என்று கேட்டேன். "ஒனக்கு அங்கன வேற கவலையே இல்லையாடா?" என்றாள் அக்கா. மறுவருஷம் வந்து தோட்டத்தைப் போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பு டிரம் இருந்தது. மயில்துத்தம் கரைக்கப் புதிதாக ஒரு டிரம் வாங்கியிருந்தார்கள். தண்ணீருக்கு இல்லை. "வைக்கணும் மாப்ள. ஞாபகமே இருக்க மாட்டேங்குது" என்றார் வைகுண்டராஜ், பல் குத்திக்கொண்டே. பழத்துக்குப் புழு வந்தால் நடுச்சாமத்தில்கூட அவருக்கு ஞாபகம் வரும். அங்கே நிற்கப் பிடிக்காமல் பஸ் ஏறிக் கம்பம் வந்தேன்.

கடையில் ஒருவர் மெஷினைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் அதையே எடுத்துப்போகக் கயிற்றோடு நின்றார். ஜெய்லானி கேனின் மூடியைத் திறந்து பெட்ரோல் வாடை இருக்கிறதா என்று மூக்கை வைத்தார். சோப்புத்தூள் போட்டுக் குலுக்கிக் கொட்டினார். மறுபடி குலுக்கினார், மறுபடி கொட்டினார். குழாயில் நிரப்பி ஒரு மடக்கு குடித்தார். பிறகு இடது உள்ளங்கையைக் குழித்து அதில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு குனிந்தார்.

அந்த வெள்ளைக் கண்ணைத்தான் கழுவப் போகிறார் என்று நினைத்தேன். கை வலது பக்கம் போனது.

"மாமா! அந்தக் கண்ணுல பாக்கக் கூடாதா?"

"அதுக்கு எரிச்சல் தெரியாது மாப்ள."

இருக்கிற ஒரே கண்ணை உள்ளங்கைத் தண்ணீருக்குள் அகலத் திறந்து வைத்திருந்தார். தண்ணீருக்குள்ளேயே ஒருமுறை இமைத்தார், இன்னொருமுறை இமைத்தார். பிறகு நிமிர்ந்து, தாடியிலிருந்து சொட்டச் சொட்ட, கேனின் மூடியைத் திருகினார்.