சத்தத்தைக் கூட்டச் சொன்னவன்

எபிநேசர் இறந்த செய்தி வந்தபோது நான் திருவள்ளூர் கோர்ட் வாசல் டீக்கடையில் ஒரு வக்கீலுக்குச் சட்டம் விளக்கிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு நின்றவன்தான் நான். ஆனாலும் அந்த வட்டாரத்தில் பெரிய பெரிய வக்கீல்கள் சந்தேகம் கேட்பது என்னிடம்தான். போனில் அவன் மனைவி ஸ்டெல்லா.

"அண்ணா, அவரு பூட்டாருண்ணா" என்றாள்.

"எங்கம்மா பூட்டான்? ஞாயித்துக்கெழம ஆட்டம் இருக்குதே!" என்றேன்.

மறுமுனையில் அழுகைதான் கேட்டது. என் கையிலிருந்த கிளாஸை வக்கீல் வாங்கி வைத்தார். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டானாம்.

இதைப் படிக்கும் நீங்களெல்லாம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அவனோடு ஒரே கேன்டீனில் சாப்பிட்டவர்கள். எங்கள் ரோலிங் மில்லில் அவன் மேலே கிரேன் ஓட்டுவான். கீழே நின்று கை காட்டுவது நான். இந்தக் கோவிந்து விரலை அசைத்தால் முப்பது டன் இரும்பு அசையும் என்று ஆந்திர எல்லை வரைக்கும் பேச்சு இருந்தது. அசைத்தது அவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. விரல் என்னுடையது.

ஒரு காலத்தில் அவன் வீட்டில் நானும் அவனும் கேரம் ஆடுவோம். எனக்குத் தோற்றுப் பழக்கமில்லை; எங்கள் வம்சமே அப்படி. ஒருநாள் அவன் தப்புத் தப்பாக ஆடி என்னை ஜெயித்துவிட்டான். அன்றைக்கு அடித்த காற்றில் கேரம் போர்டு எப்படியோ அவன் வீட்டுக் கிணற்றுக்குள் போய் விழுந்தது. அப்புறம் கொஞ்ச காலம் எனக்கு வேலை அதிகம். அந்தப் பக்கம் போகவில்லை.

பிறகு அவனே கூப்பிட்டான். "கோயிந்துண்ணா, புதுசா ஒரு ஆட்டம் வாங்கிக்கீறேன், வா." போனில் எதையோ பார்த்து வரவழைத்திருந்தான். பெட்டியைத் திறந்தால் தீவுகள் வரைந்த அட்டை, கட்டைவிரல் அளவுக்கு மரக் கப்பல்கள், குட்டிக் குட்டி உப்பு மூட்டைகள், புயல் படம் போட்ட சீட்டுகள். பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் இதென்ன சொப்பு விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். ஸ்டெல்லாவும் வந்து உட்கார்ந்தாள்.

"இதுல நாம மூணு பேரும் ஒரே கட்சி. புயலுதான் எதிரி. எல்லா கப்பலும் கரை சேந்தா எல்லாரும் ஜெயிச்சோம்" என்றான்.

"அப்போ நான் யாரைத்தான் ஜெயிக்கிறது?"

"புயலை ஜெயிண்ணா. மனுசனை ஜெயிச்சு இன்னா பண்ணப்போறே?"

எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஆடிப் பார்த்தபோது அதன் ருசி தெரிந்தது. எந்தக் கப்பலில் எத்தனை மூட்டை, எந்தச் சீட்டு எப்போது வரும் என்று வாரமெல்லாம் மண்டைக்குள் கணக்கு ஓடும். சாமி கும்பிடும்போதுகூடக் கப்பல்தான் தெரியும். ஞாயிறு தவறினாலும் ஆட்டம் தவறாது. புயலை ஒற்றை ஆளாய் விரட்டுகிறவன் என்று தொழிற்பேட்டையில் எனக்குப் பெயர் வந்தது. அதை முதலில் சொன்னவன் நான்தான், அதனாலென்ன?

ஒரு ஞாயிறு மாலை, பெரிய ஆர்டர் ஒன்று கிடைத்த சந்தோஷத்தில் கம்பெனி எங்களைக் குடும்பத்தோடு சென்னையில் ஒரு டான்ஸ் கிளப்புக்குக் கூட்டிப்போனது. சோழவரத்தில் கார் பந்தயம் ஓடிய காலத்தில், வயலில் நின்றபடியே சத்தத்தை வைத்து எந்த வண்டி முந்துகிறது என்று சொன்ன காது என்னுடையது. அந்தக் காதே அங்கே செத்துப்போனது. பாட்டுக்கு வார்த்தையும் இல்லை, ராகமும் இல்லை. ரோலிங் மில்லுக்குள் யாரோ உடுக்கை அடிப்பது போல ஒரே 'டம் டம்'. தண்ணீர் கேட்டால் எலுமிச்சம்பழம் வந்தது. எபிநேசர் சட்டைப் பையிலிருந்து மில்லில் கொடுக்கும் ஆரஞ்சு நிற இயர் பிளக்கை எடுத்து எங்களுக்கு ஆளுக்கொரு ஜோடி கொடுத்தான். என் காதோரம் வந்து கத்தினான்: "கம்பெனில சத்தம்னா காதுக்கு அடைப்பு குடுக்குறான். இங்க சத்தத்துக்கே டிக்கெட்டு வாங்குறான். இன்னா பேஜாருண்ணா இது!"

ஸ்டெல்லா பையிலிருந்து பெட்டியை எடுத்தாள். ஞாயிறு ஆயிற்றே. மூலையில் ஒரு மேசையைப் பிடித்து ஆடத் தொடங்கினோம். அந்த விளக்கில் சிவப்புக் கப்பலும் கறுப்புக் கப்பலும் ஒன்றுபோலத் தெரிந்தன. நான் பாதி ஆட்டம் எபிநேசரின் கப்பலை ஓட்டினேன்.

அப்போது எங்கள் மில்லின் இளம் இன்ஜினியர் பிரசன்னா வந்தார். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வேலைக்கு வருகிற பிள்ளை. அட்டையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. என் கப்பலைக் காட்டினார், எபிநேசரின் கப்பலைக் காட்டினார், ஏதோ சொன்னார். நான் பிளக்கைக் கழற்றிக் காதைக் கொடுத்தேன். "அங்கிள்" என்பது மட்டும் கேட்டது.

எபிநேசர் சடாரென்று எழுந்து பாட்டுப் போடுகிறவரிடம் ஓடினான். கையை மேலே மேலே தூக்கிக் காட்டினான், கிரேனுக்கு நான் காட்டுவது போல. சத்தம் இரண்டு மடங்கானது. பிரசன்னா உதட்டைப் பிதுக்கிவிட்டு ஆடப் போய்விட்டார். எபிநேசர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தபடி திரும்பி வந்தான்.

சத்தமே ஆகாதவன் ஏன் அப்படிச் செய்தான்? எனக்குப் புரிந்ததேயில்லை. புரியாததால், எபிநேசர் அன்றைக்கு மேசைமேல் ஏறி ஆடினான் என்று நானே ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். அவன் மறுக்கவுமில்லை.

அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்டத்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தோம். பிரசன்னா பக்கத்தில் வந்தார். "அங்கிள், அன்னிக்கு கிளப்புல சொன்னேனே, உங்களுக்குக் கேக்கல. அது ஒருத்தரை ஒருத்தர் கவுக்குற கேம் அங்கிள். அடுத்தவங்க கப்பலை முழுகடிச்சாத்தான் பாயின்ட்டு. நீங்க மூணு பேரும் சேந்து ஆடிக்கினு இருந்தீங்க."

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்ணா. கேரம் போர்டை நீங்க தூக்கிக் கெணத்துல போட்டுட்டு ஊட்டுப் பக்கமே வராம இருந்தீங்களே. அவரு சரியா சோறே துன்னல. திரும்பவும் ஆட ஆளு வேணும், ஆனா கோயிந்துண்ணாவைத் தோக்கடிக்கக் கூடாதுன்னாரு."

காற்றைப் பற்றி அவளுக்கு விளக்க வாயெடுத்தேன். வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. அன்றிலிருந்து மண்டைக்குள் ஒரே குழப்பம். அப்படியென்றால் இத்தனை வருடம் நான் ஜெயித்ததா, தோற்றதா? இல்லாத ஆட்டத்தில் நான் எப்படி சாம்பியன் ஆனேன்? அவன் என்னை ஏமாற்றினானா? அப்படியே ஏமாற்றினாலும் எனக்கு ஏன் கோபம் வரவில்லை? வக்கீல்களுக்கே விளக்கம் சொல்கிறவன், இதை யாரிடம் போய்க் கேட்பது?

போன ஞாயிறு ஸ்டெல்லா பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். "உக்காருங்கண்ணா. ஆளு இல்லாம இது மூடியே கெடக்குது." மூன்றாவது ஆளாகப் பிரசன்னாவை வரச்சொல்லியிருந்தாள். எபிநேசரின் கறுப்புக் கப்பலை அவரிடம் கொடுத்தோம். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அங்கிள், இதோட உண்மையான ரூல்ஸ் இன்னான்னா..." என்று ஆரம்பித்தார்.

எபிநேசரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஆரஞ்சு நிற இயர் பிளக் ஜோடிதான். சட்டைப் பையிலிருந்து எடுத்து, விரலால் உருட்டி, இரண்டு காதிலும் செருகிக்கொண்டேன். பிரசன்னாவின் வாய் மட்டும் அசைந்தது. ஸ்டெல்லா புயல் சீட்டைக் கலைத்துப் போட்டாள்.