பல்லிக்கு யார் பொறுப்பு?

நான் பொய் சொல்லிப் பிழைக்கிறவள். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில், வெள்ளை மெத்தையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் புடவை பிரித்துக் காட்டுவது என் வேலை. பட்டும் ஜரிகையும் அசல்தான், அதில் பொய் கிடையாது. பொய்யெல்லாம் அதைச் சுற்றி நான் கட்டுகிற கதையில் இருக்கிறது. முந்தியில் இருக்கும் அன்னம் எந்த ராணிக்காகத் திரும்பிப் பார்க்கிறது, யானை ஏன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். பார்டரில் இடம் போதாமல்தான் யானை காலைத் தூக்கியிருக்கிறது என்பது நெய்தவருக்கும் எனக்கும் தெரியும்.

ஒரு நாள் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை, தங்கை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தார். ஜரிகை குறைவாக ஏதாவது போதும் என்று வந்தவர், அகல பார்டர் யானைப் புடவையோடு கிளம்பினார். பையை வாங்கிக்கொண்டு, கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இவ்ளோ நல்லா புளுகுறீங்களேமா. எங்க ஸ்கூல் பசங்களுக்கு வந்து சொல்லுங்களேன்" என்றார்.

அது பாராட்டா, திட்டா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. செவ்வாய்க்கிழமை எனக்குக் கடை விடுமுறை. போனேன். இப்படித்தான் இரண்டாம் வகுப்புக்கு நான் 'கதை மிஸ்' ஆனேன். தலைமை ஆசிரியையைப் பிள்ளைகள் 'பெரிய மிஸ்' என்பார்கள்.

பிள்ளைகளுக்குக் கதை சொல்ல எனக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. கையில் இருந்தது ஒரே ஒரு கடை வித்தை. புடவை பார்க்க வந்தவரிடம் 'பிடிச்சிருக்கா' என்று மட்டும் கேட்கவே கூடாது. இல்லை என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விடுவார். 'பச்சை பார்டரா, அரக்கு பார்டரா' என்று கேட்க வேண்டும். எதைச் சொன்னாலும் அது என் கடைப் புடவை. பிள்ளைகளையும் இப்படியே கதைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன்.

முதல் செவ்வாயிலேயே வித்தை பல்லிளித்துவிட்டது. அரக்கன் தூக்கிப் போன ராஜகுமாரியைத் தேடி ராஜகுமாரன் கிளம்புகிறான். காட்டு வழியாகப் போகட்டுமா, மலை வழியாகப் போகட்டுமா என்று கேட்டேன். பஸ்ஸில் போகட்டும் என்றது வகுப்பு. எந்த பஸ் என்பதில் சண்டை வந்தது. வாலாஜாபாத்தில் இறங்கி மாற வேண்டும் என்று ஒரு கட்சி, மாறவே வேண்டாம் என்று ஒரு கட்சி. தீர்ப்பு வருவதற்குள் மணி அடித்தது. ராஜகுமாரியை அரக்கன் வீட்டிலேயே விட்டுவிட்டு எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வாரமே ஒரு சட்டம் போட்டேன். வகுப்பு சேர்ந்து என்ன சொல்கிறதோ, அதுதான் கதையில் நடக்கும். கதை மிஸ் மறுத்துப் பேசக் கூடாது. அதற்குப் பிறகு வகுப்பில் நடந்ததையெல்லாம் எழுதினால் பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பெயர். பேய் டியூஷன் போனது. ஏழு கடல் தாண்டி இருந்த கிளியை ஒருவன் பிரியாணிக்குக் கேட்டான்.

சத்தம் பக்கத்து வகுப்பைத் தாண்டி அலுவலக அறை வரைக்கும் போயிற்று. பெரிய மிஸ் என்னைக் கூப்பிட்டார். அடுத்த செவ்வாய் தானே வந்து உட்காரப் போவதாகவும், கதை ஒழுங்காக நடக்கவில்லை என்றால் அந்த நேரத்தைக் கையெழுத்துப் பயிற்சிக்குக் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னார். கடையில் நாள் முழுக்கத் தொண்டை வறளப் பேசுகிறேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தள்ளுபடி உண்டா என்கிறார்கள். நான் ஒரு பொய் சொன்னால் அதைவிடப் பெரிய பொய்யாகத் திரும்பி வருவது அந்த ஒரு வகுப்பில்தான். அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே பாதுகாப்பான கதை ஒன்றைத் தேடினேன். எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் கூரையோடு ஒட்டித் தங்கப் பல்லி ஒன்றும் வெள்ளிப் பல்லி ஒன்றும் உண்டு. படியேறிப் போய்த் தொட்டுவிட்டு வந்தால் பாவம் போய்விடும். அந்தப் பல்லிகளைத் தொடாத பிள்ளை இந்த ஊரில் இருக்காது. கதையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முனிவரின் பூஜைக்குச் சீடர்கள் இருவர் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். உள்ளே பல்லி விழுந்திருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. முனிவர் குடத்தைச் சாய்த்தபோது அது துள்ளி ஓடியது. கோபத்தில், நீங்களும் பல்லியாகப் போங்கள் என்று இருவரையும் சபித்துவிட்டார். முடிவு கோயில் கூரையிலேயே பதிந்து கிடக்கிறது. இதில் யார் பஸ் ஏற முடியும்?

அந்தச் செவ்வாய் பெரிய மிஸ் கஞ்சி போட்ட கரும்பச்சைக் காட்டன் புடவையில் வந்து, கடைசி வரிசைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு பொம்மைகள் மாதிரி இருந்தார்கள். நான் வேஷங்களைப் பிரித்துக் கொடுத்தேன். சீடர்கள் கிடைத்தார்கள், பல்லி கிடைத்தது, குடத்துக்குத் தண்ணீர் பாட்டில். முனிவர் யார் என்று கேட்டேன். மொத்த வகுப்பும் கழுத்தைத் திருப்பிக் கடைசி வரிசைக்குப் பின்னால் பார்த்தது. கோபப்படத் தெரிந்தவர்தானே வேண்டும் என்று ஒரு குரல் எனக்கு விளக்கமும் கொடுத்தது. சட்டம் நான் போட்டது. என்ன செய்ய?

பெரிய மிஸ் வந்து மேசைக்குப் பின்னால் கண்ணை மூடி உட்கார்ந்தார். தவம் அவருக்கு நன்றாகவே வந்தது. சீடர்கள் பாட்டிலைக் கொடுத்தார்கள், அவர் சாய்த்தார், மேசைக்கு அடியிலிருந்து பல்லி பாய்ந்தது. கண்ணைத் திறந்து, "யாரு வேலை இது?" என்றார். சத்தமாகக்கூட இல்லை. பல்லி பாதி ஓட்டத்தில் நின்றுவிட்டது. சீடர்களில் ஒருவனுக்கு உதடு பிதுங்கியது.

நான் அவசரமாக வித்தையை எடுத்தேன். முனிவர் இவர்களைத் தவளையாகச் சபிப்பாரா, பல்லியாகச் சபிப்பாரா என்று கேட்டேன். இரண்டாம் பெஞ்சில் இருந்த இரட்டைப் பின்னல்காரி எழுந்தாள்.

"அந்தத் தண்ணியக் கொட்டிட்டு வேற எடுத்துக்கினு வரச் சொன்னா போதாதா மிஸ்?"

போதும் என்றது வகுப்பு. முனிவரும் சீடர்களும் சமாதானமாகிவிட்டார்கள் என்று முடித்துவிடலாமா என்று நான் யோசிப்பதற்குள், ஆட்டோ ஓட்டுகிறவர் மகன் பதறி எழுந்தான். சாபம் இல்லையென்றால் கோயிலில் பல்லி இருக்காது, அப்புறம் வெளியூர்க்காரர்களை அவன் அப்பா எங்கே இட்டுக்கொண்டு போவார் என்று கேட்டான். கோயில் வாசலில் பூக்கடை வைத்திருப்பவர் மகள் அவன் பக்கம் சேர்ந்துகொண்டாள். சாபக் கட்சிக்கும் மன்னிப்புக் கட்சிக்கும் இடையே அமளி. பெரிய மிஸ் முகத்தை நான் பார்க்கவேயில்லை. இரட்டைப் பின்னல்காரி பெஞ்சின் மேலேயே ஏறி நின்றுவிட்டாள்.

"சீடருங்க பாக்கல, அவங்க மேல தப்பு இல்ல. பல்லி தெரியாம வுழுந்துச்சு, அது மேலயும் தப்பு இல்ல. கோவப்பட்டவருதான் மிச்சம். அவரு பல்லியாவட்டும்."

இரு கட்சிக்கும் இது பிடித்துப்போனது. முனிவர் மன்னிப்புக் கேட்கட்டுமா, இல்லை இன்னும் கொஞ்சம் தவம் செய்யட்டுமா என்று கடைசியாக ஒரு முறை பச்சையும் அரக்கும் காட்டிப் பார்த்தேன். ரெண்டும் வேணாம் என்றார்கள். ஒரே பல்லிதான் என்றால் அது தங்கமாக இருக்க வேண்டுமா, வெள்ளியாக இருக்க வேண்டுமா என்று அடுத்த சண்டைக்குப் போய்விட்டார்கள். என் கதை நேரம் அத்தோடு போயிற்று என்று தெரிந்தது. கையெழுத்துப் பயிற்சிக்கு நாலு கோடு போட்ட நோட்டு கண் முன்னால் வந்து நின்றது.

பெரிய மிஸ் எழுந்தார். கொசுவத்தைச் சரி செய்துகொண்டார்.

"சீக்கிரம் சொல்லுங்க. தங்கமா, வெள்ளியா?" என்றார்.

யானைப் புடவையை அவர் தலையில் கட்டிய அன்று நான் கேட்ட கேள்வியின் அதே குரல். தங்கம் என்று கூரை இடிந்தது. அவர் கரும்பலகைப் பக்கம் போய், இரண்டு உள்ளங்கையையும் சுவரில் பதித்து, கன்னத்தை ஒரு பக்கம் சாய்த்து ஒட்டிக்கொண்டார். கோயிலில் படி இருக்கிறதே என்று பிள்ளைகள் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டார்கள். சொல்லாமலே வரிசை கட்டினார்கள். ஏறி, தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினார்கள். சாக்பீஸ் கை, மிட்டாய் கை, மூக்கைத் துடைத்த கை, எல்லாம்.

கடைசியாக ஒரு சின்னப் பெண் வந்தாள். பெரிய மிஸ் வராண்டாவில் வந்தாலே தூணுக்குப் பின்னால் போய்விடுகிறவள். பெஞ்சில் ஏறி, முழுக் கையையும் அவர் முதுகில் வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலே நின்றாள்.

"பாவம் போச்சு மிஸ்" என்றாள்.

பல்லி பேசக் கூடாது. ஆனாலும் கன்னத்தைச் சுவரிலிருந்து எடுக்காமல் பெரிய மிஸ் கேட்டார்: "யாருதுமா?"

அவள் யோசித்தாள். "ரெண்டு பேருதும்" என்றாள்.

மணி அடித்து வகுப்பு காலியாகியும் பெரிய மிஸ் சுவரைவிட்டு உடனே வரவில்லை. வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் தலைப்பால் துடைத்தார். கையெழுத்தா, கதையா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

"அடுத்த வாரம் கதையில வாத்தியாருங்க யாரும் வேணாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

அடுத்த வாரம் என்பது மட்டும்தான் எனக்குக் காதில் விழுந்தது. கரும்பச்சைப் புடவையின் முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கைகள். துணியில் ஒரு தூசி விழுந்தாலும் தட்டிவிட்டுப் பழகியவள் நான். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவர் மைதானத்தைக் கடந்து, பெற்றோர்கள் நின்றிருந்த வாசல் வழியாக, அப்படியே வீட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.