சேக்காட்டிலிருந்து நூம்பலுக்கு, சொந்தச் சாக்கிளில்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நானும் முருகேசனும் சேக்காட்டிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் கிளம்பினோம். முருகேசன் பக்கத்து வீடு. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்பவன். என் பழைய ஜீப்பின் பின்பக்கச் சாக்கிள்கள் விரிசல் விட்டிருந்தன. வில் பட்டையின் நுனியை வண்டியின் சட்டத்தோடு கோக்கும் சின்ன இரும்பு இணைப்புதான் சாக்கிள். வண்டி குலுங்கும்போது அது ஊஞ்சல் போல ஆடிக்கொடுக்க வேண்டும். கடையில் கிடைக்காததால் நாங்களே செய்யத் துணிந்தோம்.

அவசரத்துக்குக் காரணம் என் மனைவி செல்வி. மறுநாள் நூம்பலில் அவள் தம்பி பாபுவின் வீட்டுக் கிரகப்பிரவேசம். "சீர்த்தட்டோட ஜீப்புலயே கூட்டிகினு போங்க. நடுவழில நின்னுச்சு, அத்தோட வித்துடுவேன். பாபு ஆளைக்கூட பாத்து வெச்சிகீறான்," என்று சொல்லியிருந்தாள். அந்த வண்டி போனால் எனக்கு ஒரு கை போன மாதிரி.

எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறை. பழைய இரும்பு கால் அங்குலக் கனம். நாங்கள் வாங்கிப் போனது அரை அங்குலம். லேத்காரர் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா நைனா, ஜீப்புக்கா, டேங்குக்கா?"

"கெட்டியா இருக்கட்டும் அண்ணாத்தே," என்றான் முருகேசன். வெட்டி, துளை போட்டுத் தர எண்ணூறு ரூபாய்.

மாலையில் பூட்டினோம். எங்கள் தொழிற்சாலைப் பழக்கம் ஒன்று உண்டு: ஒருவர் நட்டை முறுக்க வேண்டும், மற்றவர் சரிபார்க்க வேண்டும், பிறகு அதன்மேல் சிவப்புப் பெயிண்டால் கோடு போட வேண்டும். நான் ஸ்பேனரில் பைப்பை மாட்டித் தொங்கினேன். சரிபார்க்கிறேன் என்று முருகேசன் இன்னும் முறுக்கினான். அவன் முறுக்கியதைச் சரிபார்க்க நான் முறுக்கினேன். ஆட வேண்டிய உறுப்பு என்று இருவருக்கும் தெரியும், கை கேட்டால்தானே.

ஞாயிறு காலை ஆறு மணி. பருத்திப்பட்டு தாண்டுவதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகெலும்பில் ஏறியது. தட்டிலிருந்த ஆப்பிள்கள் செல்வியின் மடிக்கு வந்தன. திருவேற்காட்டு வேகத்தடையில் அவள் தலை கூரையில் இடித்தது.

"இத்த செய்ய ரெண்டு ஆளு வேற," என்றாள்.

இறங்கி நட்டைத் தளர்த்தலாம்தான். ஆனால் நிறுத்தினால் நின்றதாகக் கணக்காகிவிடுமே. முருகா, நீயே துணை என்று ஓட்டினேன்.

நூம்பலில் வாசலிலேயே பாபுவும் வண்டி வாங்க வந்த ஆளும் நின்றிருந்தார்கள். அந்த ஆள் குனிந்து பார்த்தார், சிவப்புக் கோடுகளைக் கண்டு சிரித்தார். பாபுவும் சேர்ந்துகொண்டான்.

"அக்கா, நீ பட்ட பாடு போதும். இன்னிக்கே எடுத்துக்கறேன்றாரு. மாமாவுக்கு இன்னாத்துக்கு இந்த வேலை?"

செல்வி கொண்டையைச் சரிசெய்தபடி இறங்கினாள்.

"வழி பூரா நான் திட்டிகினு வந்தேன், அது என் பாடு. அவுரு கையால செஞ்சத பாத்து நீ ஏன்டா சிரிக்கிற? வண்டி எங்கனா நின்னுச்சா? உள்ள போய் பால காய்ச்சற வழிய பாரு."

அந்த ஆள் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

பந்தி முடிந்ததும் நட்டைத் தளர்த்தப் பார்த்தேன். என் ஒருவன் பலத்துக்கு மசியவில்லை. போகட்டும் என்று சீட்டைத் துடைத்து, கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். செல்வி வெற்றிலையை மென்றுகொண்டே வந்தாள். காலித் தட்டுகளை அந்தச் சீட்டில் அடுக்கினாள்.

"பாத்து ஓட்டிகினு வாங்க. நான் வேலப்பஞ்சாவடில பஸ் புடிச்சி வந்துடறேன்."