கூலாயில் களை பிடுங்கப் போன சனிக்கிழமை

போன மாதம் ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கூலாய்க்குப் போனேன். ஊர் சுற்ற அல்ல. என் அக்கா செல்வியின் இரண்டு ஏக்கர் நிலத்தில், எண்ணெய்க்காக நட்ட செம்பனைக் கன்றுகள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. இந்த வருடம் தேறாவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று அத்தான் சொல்லிவிட்டார். அக்காவுக்கு அந்த நிலம்தான் எல்லாம்.

எனக்குப் பாசிர் கூடாங்கில் உரக் கிடங்கில் வேலை. அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். காலை ஏழுக்குக் கிளம்பி எட்டேகாலுக்குச் சேர்ந்தேன். நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது. செனாய் தாண்டியதும் இருபுறமும் செம்பனை, மேலே தாழ்ந்த மேகம். விழித்துக்கொண்டே கனவு காண ஏற்ற சாலை. ஓட்டும்போது மட்டும் வேண்டாம்!

அக்காவின் நிலம் பெருக்கிவிட்ட வாசல் மாதிரி இருந்தது. ஒரு புல் இல்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதுதான் பெருமை. மண் தெரிந்தால்தான் உழைப்பு தெரியுமாம். முந்தின நாள் வீசிய யூரியா வெறும் மண்ணில் வெயில் காய்ந்தது. எனக்குப் பழகிய அம்மோனியா வாடை. மண்ணுக்குப் போட்ட நைட்ரஜனில் ஒரு பங்கு வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"வாய்க்கா ஓரம் மட்டும் பாக்கி. பாம்புக்குப் பயந்து விட்டுட்டேன். பாக்கவே வெக்கமா இருக்கு. வா, ரெண்டு பேரும் இழுத்துப் போடலாம்" என்றாள் அக்கா மத்தியானச் சோற்றுக்குப் பிறகு.

அங்கே முழங்கால் உயரத்துக்குக் கொடி, பயற்றங்கொடி போல மும்மூன்று இலைகளோடு. அதற்குள் நின்ற நான்கு கன்றுகளும் கரும்பச்சையாக இருந்தன. நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருக்க, அக்கா ஒரு கொடியை வேரோடு பிடுங்கினாள். வேரெல்லாம் குட்டிக் குட்டி உருண்டைகள்.

"அலமாக்! சீக்கு லா இது. எல்லாத்தையும் எரிச்சிடணும்."

ஒன்றை நகத்தால் கிள்ளினேன். உள்ளே இளஞ்சிவப்பு. "சீக்கு இல்லக்கா. உள்ள நல்ல கிருமி குடியிருக்கு. காத்துல இருக்கிற நைட்ரஜன புடிச்சு கொடிக்குக் குடுக்குது. கொடியோட எல உதுந்து மக்குனா, அது கன்னுக்குப் போவுது."

"அப்ப நான் இத்தன நாளு புடுங்கிப் போட்டதெல்லாம்?"

பாம்பு இருக்கிறதா என்று கொடியைக் குச்சியால் தட்டிப் பார்த்தேன். இருவரும் அந்தக் கொடி மெத்தையிலேயே உட்கார்ந்துவிட்டோம். நாம் இழுத்து அப்படியே வெளியே விடுகிற காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தான். அது கொடியாகி, இலையாகி, மண்ணாகி, செம்பனையாகிறது. குலையோடு கொஞ்சம் லோரி ஏறிப் போகிறது. வாய்க்கால் சேற்றில் வேறு கிருமிகள் அதைத் திரும்பக் காற்றுக்கே அவிழ்த்து விடுகின்றன. தூரத்தில் இடி உறுமியது. மின்னலும் கொஞ்சம் பிடித்து மழையோடு இறக்கிவிடுமாம். எது தொடக்கம் என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் கண் சொக்கியது.

முதல் தூறலில் அக்கா எழுந்தாள். பிடுங்கிய கொடியை எடுத்துப் போய், இருப்பதிலேயே மஞ்சளான கன்றுக்குப் பக்கத்தில் ஊன்றிக் கையால் மண்ணை அழுத்தினாள்.

"பாக்கறவங்க சோம்பேறிம்பாங்கக்கா."

"சொல்லிட்டுப் போவட்டும். அவுங்க நெலமா?"

அத்தான் இன்னும் ஒரு வருடம் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கன்றுகள் தேறுமா என்று எனக்குத் தெரியாது. தேற வேண்டும் என்று ரொம்ப ஆசையாக இருக்கிறது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும். ரப்பர் பூட்ஸ் கட்டாயம். உங்கள் நிலத்திலும் கொடியை வளர விட்டால், கன்றின் மேல் ஏறாமல் மட்டும் விலக்கிவிடுங்கள். வழியில் புதர் மண்டிய ஒரு நிலத்தைப் பார்த்து, யாரோ சோம்பேறி என்று சொல்லத் தோன்றினால், கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். உள்ளே என் அக்கா இருப்பாள்.