வேறொரு பிள்ளையைச் சுமந்த மாமா

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ர எங்கே, ற எங்கே என்று இன்னும் குழப்பம்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் படித்ததோடு சரி. பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது, இருபத்தொன்று இருக்கும். அப்பா காய்ச்சலில் போன பிறகு, செமோர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அம்மா, அவள் தம்பி, நான் மூவரும் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் ஒரே அறையில் இருந்தோம். காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில், கங்காணி ஒரு நாள் மாமாவைப் பிரம்பால் அடித்தார். குளிர்காய்ச்சலோடு நேரம் கழித்து வந்ததுதான் குற்றம். மாமா ஓடிவிடுவது என்று தீர்மானித்தார். தைப்பிங்கில் வேலை தேடிக்கொண்டு எங்களையும் அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. சொல்லாமல் ஓடினால் போலீஸ் பிடித்துக் கொடுக்கும் காலம் அது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஆறு வயது வாயை நம்பாமல் என்னிடம் மறைத்துவிட்டார்கள்.

தைப்பூசத்துக்குத் தோட்டமே ரயிலேறி ஈப்போ குகைக் கோயிலுக்குப் போனது. கூட்டத்தில் மாமா காணாமல் போனார். நான் அழுதேன். அம்மா அழவில்லை, அது எனக்குக் கோபம்.

சாயங்காலம் ஈப்போ ஸ்டேஷனில் எங்கு பார்த்தாலும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். செமோர் வழியாகத் தைப்பிங் போகும் வண்டி. கங்காணி பெட்டி வாசலில் நின்று எங்களைத் தலை எண்ணி ஏற்றினார். அடுத்த பெட்டியில் ஏறப்போனார் ஒரு மொட்டை, மீசையும் இல்லை. தோளில் யாரோ ஒருவரின் பிள்ளை. கங்காணி அவரை நேருக்கு நேர் பார்த்தும் அடையாளம் தெரியவில்லை. தினமும் தலை எண்ணுகிறவருக்கு முகம் எதற்கு? எனக்குத் தெரிந்தது. அது என் தோள்.

ஓடிப்போய் வேட்டியைப் பிடித்தேன்.

"மாமா! அவன எறக்கு! என்னயத் தூக்கு!"

"யாரு தம்பி நீ? ஆளு மாறி வந்துட்ட. அம்மாகிட்ட போ."

அம்மா வந்து என் வாயைப் பொத்தினாள். "அது மாமா இல்லடா, வாடா." அவள் கையைக் கடித்துவிட்டுக் கத்தினேன். "மாமாதான்! என் மாமாதான்!"

கங்காணி வந்து அந்த மொட்டைத் தலையைத் தடவினார். "ஏன்டா, சாமிக்கு முடி குடுத்தியா, எனக்கு டிமிக்கி குடுத்தியா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிள்ளையின் அப்பா பிள்ளையை வாங்கிக்கொண்டு விலகினார். "கெட்டிக்காரப் பய" என்று கங்காணி எனக்குக் கடலைப் பொட்டலம் வாங்கித் தந்தார்.

சித்திரை பிறக்குமுன் மாமா அந்தத் தோட்டத்திலேயே காய்ச்சலில் போனார். தலையில் முடி விரற்கடை அளவுதான் வளர்ந்திருந்தது.

ஆனால் அன்று வண்டியில் நான் அவர் மடியில் ஏறி உட்கார்ந்தேன். அவர் தள்ளவில்லை, அணைக்கவும் இல்லை. ஒரு கடலையை வாயருகே நீட்டினேன், வாங்கிக்கொண்டார். எதிரே அம்மா, பல் தடம் சிவந்த கையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்திருந்தாள். தொலைந்த மாமாவைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான். ஒரு வார்த்தை மெச்சவில்லையே என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

புந்தோங், தை 29, தைப்பூசத்துக்கு மறுநாள்.