கடல் புழுவுக்குப் பரம்படித்தவர்

அறிவியல் ஆசிரியரின் முதற்கடமை, பிழையான நம்பிக்கைகளைத் திருத்துவது. கடலடி மண் படிந்தது படிந்தபடி கிடக்கிறது என்று எண்ணிப் பலர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். மிகுந்த வருத்தத்தோடு மறுக்கிறேன். வளைதோண்டும் புழுக்கள் அதை ஓயாமல் புரட்டுகின்றன. கடற்கரையில் பிறந்து கொல்லிமலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த நான் இதை நிரூபிக்கப் பட்ட பாடு, மாற்றலில் அலையும் சக ஆசிரியர்களுக்குத்தான் புரியும்.

வாளியோடு மலையேறியது

விடுமுறை முடிந்து திரும்பும்போது மூடிபோட்ட வாளியில் கடல்நீர், மணல், ஆறு புழுக்கள். பேளுக்குறிச்சி தாண்டி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மடியிலேயே வைத்திருந்தேன். பாதி நீர் என் வேட்டிக்குப் போனது. மீன் பிடிக்கவா என்று கண்டக்டர் கேட்டார். முழுப் பாடமும் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஏனுங்க சார், சோளக்காட்டுல எறங்கி ஒரு கை மண்ணை அள்ளுனா வராத புழுவாங்க?"

கெடு

ஆசிரியர் அறை ஜன்னலோரம் கண்ணாடித் தொட்டி வைத்தேன். புழு வளைக்குள் இருந்தபடி மணலை விழுங்கும். பின்பக்கமாக மேலே வந்து, இடியாப்பம் பிழிந்ததுபோல் குவித்துவிட்டுப் போகும். அடிமண் மேலே, மேல்மண் அடியில். எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். நான்கு நாளாகியும் தொட்டியின் மணல் இஸ்திரி போட்டதுபோல் இருந்தது. உப்பு வாடை மட்டும் எல்லோருடைய சாப்பாட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. தலைமையாசிரியர் அழைத்தார்:

"திங்கக்கிழமை வரைக்கும் பாப்பேன் சார். வேலை செய்யாத ஊழியரை அதுக்கு மேல இங்க வெச்சிக்க முடியாதுங்க."

புழுக்கள் செத்துவிட்டன என்றே நினைத்தேன். தொட்டியில் அவற்றுக்காகக் கொஞ்சம் அழுதிருக்கலாம். உப்புநீர் ஏற்கெனவே குறைச்சலாக இருந்தது.

பரம்பு

வெள்ளிக்கிழமை சீக்கிரம் போய்விட்டேன். பள்ளியைக் கூட்டும் பாப்பாத்தியக்கா, சொந்த வயலில் வேலையை முடித்துவிட்டு நேரே வருகிறவர், கையை முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு, மர ஸ்கேலால் மணலைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். தினமும் காலையில் இதுதான் நடந்திருக்கிறது. அவர் ஸ்கேலை உதறிக்கொண்டே கேட்டார்:

"உழுதா பரம்படிக்க வேணாமுங்களா சார்? பாவம், இத்தனை உழுதிருக்குது, ஒருத்தரும் கண்டுக்கல."

அந்த மலையில் என் பாடம் முழுதாகப் புரிந்த ஒரே ஆள் அவர்.

திங்கட்கிழமை

இரண்டு நாள் பரம்புக்கு விடுமுறை கேட்டு வாங்கினேன். ஆறு புழுவுக்கு ஆறு குவியல். தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை எண்ணினார்:

"இருக்கட்டும் சார். உழவு உங்களுக்கு நல்லா வருதுங்க."

தொட்டி பிழைத்தது, அன்று மதியமே பள்ளித் தோட்டத்து மரவள்ளிப் பாத்திகள் என் பொறுப்பில் எழுதப்பட்டன.